கண்ணுக்குத் தெரியாத காயமும் ஒரு மேல்முறையீடும்

சொல்தா பென்ஷன் என்றால் நம் புதுவையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், மாதம் தவறாமல் பணம் வரும், வீட்டில் நல்ல ரொட்டியும் ஒயினும் இருக்கும் என்பதுதான் வெளியில் இருப்பவர்கள் கண்ட சித்திரம். கையோ காலோ இழந்து வந்தவர்களுக்கு அதற்கு மேல் ஊனத்துக்கான பென்ஷனும் உண்டு என்பது பலருக்குத் தெரியும். ஆனால் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல், தூக்கத்தை மட்டும் இந்தோசீனாவிலேயே விட்டுவிட்டு வந்தவர்களும் நம் தெருக்களில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. "அவர் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

இந்த "ஒரு மாதிரி"க்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டா, அந்த இடம் எப்படி வந்தது, "இல்லை" என்று எழுதி அனுப்பினால் எப்படிக் கேள்வி கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். முப்பது வருஷத்துக்கும் மேல் அரசு மேசையில் கோப்பு பார்த்தவன் நான். படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அதனால் இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். பிரான்சில் காயம்பட்ட சிப்பாய்க்கு என்ன கொடுப்பது என்பதை 1831 ஏப்ரல் 11 தேதியிட்ட ஒரு சட்டம் தீர்மானித்துக்கொண்டிருந்தது. கண் போனது, கை போனது, கால் போனது, அதற்குச் சமமான, இனி ஆறாத ஊனம் என்று அதில் ஒரு வரிசை இருந்தது. அந்த ஊனம் போரிலோ, பணியின் ஆபத்திலோதான் வந்தது என்று சிப்பாய் நிரூபிக்க வேண்டும். கை இல்லாதவன் கையைக் காட்டலாம். குண்டு எங்கே துளைத்தது என்று தழும்பைக் காட்டலாம். மனம் கலங்கியவன் எதைக் காட்டுவான்?

1914-ல் பெரிய யுத்தம் வந்தது. புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனவர்கள் உண்டு. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி சொந்தச் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்த ரெனோன்சான் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களில் பலர். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே இருக்கும் யுத்த நினைவுச் சின்னம் அந்தப் போரில் இறந்தவர்களுக்காகக் கட்டியது. உயிரோடு திரும்பி, ஆனால் முழுதாகத் திரும்பாதவர்களின் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

அந்த யுத்தத்தில் மருத்துவர்கள் இதுவரை பார்க்காத நோயாளிகளைப் பார்த்தார்கள். பீரங்கிக் குண்டு அருகில் வெடித்தபின் காயமே இல்லாமல் பேச்சை இழந்தவர்கள், முதுகு வளைந்தபடியே நின்றுவிட்டவர்கள், கை நடுக்கம் நிற்காதவர்கள். ஆங்கிலேயர் இதை ஷெல் ஷாக் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பல பெயர் சொன்னார்கள். அவர்களில் பெரிய நரம்பியல் மருத்துவர் ஜோசெஃப் பாபின்ஸ்கி. இன்றைக்கும் மருத்துவர்கள் உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும் சோதனைக்கு இவர் பெயர்தான். இம்மாதிரி நோய்க்கு அவர் யுத்தத்துக்கு முன்பே "பித்தியாத்திஸ்ம்" என்று பெயர் வைத்திருந்தார். பிறர் சொல்லாலோ தன் எண்ணத்தாலோ உண்டாகி, நல்ல வார்த்தையால் வற்புறுத்தினால் போய்விடும் நோய் என்பது அதன் பொருள்.

மருத்துவக் கருத்தாகப் பார்த்தால் இதில் தப்பாக ஒன்றும் தெரியாது. ஆனால் பென்ஷன் மேசைக்கு வந்தபோது அது வேறு உருவம் எடுத்தது. வற்புறுத்தினால் போய்விடும் நோய் என்றால் அது நிரந்தர ஊனம் இல்லை. நிரந்தரம் இல்லை என்றால் பென்ஷன் எதற்கு? போகவில்லை என்றால் நோயாளிக்குக் குணமாக விருப்பம் இல்லை என்று அர்த்தம். இப்படி ஒரு சொல்லே ஆளைச் சுற்றி வேலி போட்டுவிடும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தூர் நகரத்தில் க்ளோவிஸ் வேன்சான் என்ற ராணுவ மருத்துவர் இப்படிப்பட்டவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சி வைத்தியம் செய்தார். சிப்பாய்கள் அதற்கு "தொர்பியாழ்" என்று பெயர் வைத்தார்கள். கப்பலை உடைக்கும் தொர்பிடோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1916-ல் பத்திஸ்த் தெஷாம் என்ற சுவாவ் படைச் சிப்பாய், முதுகு வளைந்த நிலையில் அங்கே கொண்டுவரப்பட்டவர், அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்தார். தள்ளுமுள்ளு ஆகி மருத்துவரை அடித்துவிட்டார். ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மேலதிகாரியை அடித்த குற்றத்துக்கு அந்தக் காலத்தில் தலைக்கே ஆபத்து. ஆனால் நீதிமன்றம் 6 மாதச் சிறை விதித்து, அதையும் நிறுத்திவைத்தது. பிரான்ஸ் முழுவதும் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதின. காயம்பட்ட சிப்பாய்க்கு "இந்த வைத்தியம் வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டா என்று பொதுஜனம் முதல்முறையாகக் கேட்டது.

யுத்தம் முடிந்ததும் பழைய 1831 சட்டம் தாங்கவில்லை. லட்சக்கணக்கான பேர் ஊனமாகத் திரும்பியிருந்தார்கள். 1919 மார்ச் 31 அன்று புதுச் சட்டம் வந்தது. அதை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்த ழோர்ழ் லுகோல் பெயரால் லுகோல் சட்டம் என்றும் சொல்வார்கள். இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, பென்ஷன் அரசு போடும் பிச்சை இல்லை, நாடு பட்ட கடன் என்று சட்டமே சொன்னது. நஷ்டஈடு பெறும் உரிமை என்ற சொல்லே அதில் இருக்கிறது.

இரண்டாவது, நிரூபிக்கும் சுமை இடம் மாறியது. சேவையில் இருக்கும்போதோ, வீடு திரும்பிய பிறகு சட்டம் சொன்ன கெடுவுக்குள்ளோ ஒரு காயமோ நோயோ பதிவாகியிருந்தால், அது சேவையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று அரசு சொன்னால் அரசுதான் நிரூபிக்க வேண்டும். நான் படித்த சட்டங்களிலேயே ஏழைக்கு இவ்வளவு பெரிய உதவி செய்த வாக்கியம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, மறுத்தால் போய்க் கேட்க ஓர் இடம். பென்ஷன் விஷயத்துக்கென்றே ஒவ்வொரு மாவட்டத்திலும் தனி நீதிமன்றம் வைத்தார்கள். அதில் ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மூன்றாவதாக ஊனமுற்று பென்ஷன் வாங்கும் ஒரு முன்னாள் சிப்பாய். இந்த மூன்றாவது நாற்காலியை நான் எப்போதும் வியந்திருக்கிறேன். தன் உடம்பில் வலியைச் சுமப்பவன் ஒருவன் தீர்ப்புச் சொல்லும் மேசையில் உட்கார வேண்டும் என்று 1919-லேயே நினைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் மனக்காயம் பட்டவனுக்கு வழி முழுதாகத் திறக்கவில்லை. நோய் கெடுவுக்குள் பதிவாக வேண்டுமே! தூக்கத்தில் அலறுவதைப் படைப்பிரிவு மருத்துவரிடம் போய்ச் சொன்னால் கோழை என்பார்கள். சொல்லாமல் ஊர் திரும்பினால் பதிவு கிடையாது. பத்து வருஷம் கழித்துச் சொன்னால், "உங்கள் சுபாவமே அப்படி, பரம்பரை பலவீனம்" என்று பதில் வரும். பரம்பரை என்ற ஒரு சொல்லைக் கொண்டு பல மனுக்களை மூடினார்கள். இது பிரான்சில் மட்டும் இல்லை, யுத்தம் செய்த எல்லா நாட்டிலும் நடந்தது.

நிலைமை மாற இன்னொரு கண்டத்து யுத்தம் வேண்டியிருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் நிலையைப் பார்த்து, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் தன் நோய்ப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோயைத் தனியாகச் சேர்த்தது. பிரான்சில் இந்தோசீனா, அல்ஜீரியா யுத்தங்களுக்குப் போனவர்கள் அப்போது முதுமையை எட்டிக்கொண்டிருந்தார்கள். 1992 ஜனவரி 10 அன்று போரால் வரும் மனநோய்களை மதிப்பிடுவதற்கென்றே ஓர் ஆணை வந்தது. அதில் பழைய வேலி ஒன்று விழுந்தது. இந்த நோய் சம்பவம் நடந்து வருஷங்கள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதை ஒப்புக்கொண்டார்கள். பழைய காகிதம் இல்லாத இடத்தில், மனநல மருத்துவர் ஆளை உட்காரவைத்து நன்றாகப் பேசி எழுதும் அறிக்கையே சான்றாக நிற்கலாம் என்றும் வந்தது. அளவுகோலும் கொடுத்தார்கள்: லேசானது 20 சதவீதம், நடுத்தரம் 40, கடுமை 60, மிகக் கடுமை 80, மனம் முழுதாகக் குலைந்தால் 100.

இந்த ஆணை வந்ததை நான் அறிந்தது எங்கள் தெருவில் இருந்த ஒருவருக்காக. பெயர் வேண்டாம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1949-ல் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். தொங்கின் பக்கம் ஒரு சாலையில் அவர் போன லாரி வரிசையில் முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிதறியது. அதிலிருந்த காரைக்கால் நண்பர் ஒருவரை இவர்தான் அள்ளி எடுத்தார். 1954 மே 7 அன்று தியென் பியென் ஃபூ விழுந்தது. அதே வருஷம் நவம்பர் 1 அன்று புதுவையில் கொடி மாறியது. விடுப்பில் ஊர் வந்தவருக்கு, விட்டுப்போன ஊர் வேறு நாடாக இருந்தது. அப்புறமும் பட்டாளத்தில் தொடர்ந்து, 1962-க்குப் பின் பிரெஞ்சு குடியுரிமையையே வைத்துக்கொண்டு, பதினைந்து வருஷச் சேவைக்கான பென்ஷனோடு ஊரில் தங்கிவிட்டார்.

தீபாவளி வந்தால் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொள்வார். வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார் என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். பேருந்தில் முன்வரிசையில் உட்கார மாட்டார். ராத்திரி தூங்க மாட்டார், தூங்குவதற்காகக் குடித்தார். ஊரார் குடியை மட்டும் பார்த்தார்கள்.

1993-ல் யாரோ சொல்லி ஊன பென்ஷனுக்கு மனுப் போட்டார். பல மாதம் கழித்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, என்னமோ இல்லன்னு எழுதியிருக்காம். இவரு அதைக் கிழிச்சுப் போடறேங்கறாரு. நீ ஒருக்கா படிச்சுச் சொல்லு."

படித்துப் பார்த்தேன். நோய் இல்லை என்று அதில் ஒரு வரியும் இல்லை. நோய் சேவையால் வந்தது என்பதற்கு ஆதாரம் சேர்க்கப்படவில்லை என்று இருந்தது. மேல்முறையீட்டுக்கான கெடுவும் கடைசி வரியில் இருந்தது.

"அக்கா, இவங்க இல்லன்னு சொல்லலை. நீங்க காட்டலைன்னு சொல்றாங்க. ரெண்டும் வேற."

"காட்டறதுக்கு என்னா இருக்கு தம்பி? மனசையா அறுத்துக் காட்டறது?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கோப்பு வேலையில் பழகியவனுக்கு, காகிதம் எங்காவது இருக்கும் என்ற நம்பிக்கை போகாது. முதலில் அவருடைய லிவ்ரே மிலித்தேர் என்ற சேவைப் புத்தகத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தோம். எந்தப் படைப்பிரிவு, எந்தத் தேதி, எந்த ஊர் என்று அதில் இருந்தது. நடுவில் மூன்று வாரம் ஆஸ்பத்திரி என்று ஒரு குறிப்பு. காரணம் எழுதவில்லை. பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரிகளின் பழைய ஏடுகளை லிமோழ் நகரத்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே சேவை எண்ணும் தேதியும் குறிப்பிட்டு எழுதினோம். நகல் வந்தது. "நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை, ஓய்வு" என்ற பொருளில் மூன்றே சொல். நாற்பது வருஷமாக அந்த மூன்று சொல்லும் ஒரு அலமாரியில் இவருக்காகக் காத்திருந்தன.

இரண்டாவதாக, அதே லாரி வரிசையில் இருந்த காரைக்கால்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, சம்பவத்தை அவர் கையால் எழுதி வாங்கினோம். மூன்றாவதாக, அந்த அம்மாவின் வாக்குமூலம். அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. "ரொம்பக் கஷ்டப்படறாரு" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். அதைப் படிப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. வாரத்தில் எத்தனை ராத்திரி எழுகிறார்? எழுந்தால் என்ன செய்கிறார்? கடைசியாக எப்போது கல்யாண வீட்டுக்குப் போனார்? கடைக்குத் தனியாகப் போவாரா? சாப்பிடச் சொன்னால்தான் சாப்பிடுவாரா? ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழில் எழுதி, பிறகு பிரெஞ்சில் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா, "இதெல்லாம் நோயா தம்பி? நான் சுபாவம்னுல்ல நெனச்சேன்" என்றார்.

கெடு முடியும் முன் எல்லாவற்றையும் கோர்த்து, 1992 ஆணையைக் குறிப்பிட்டு, மனநல மருத்துவரின் பரிசோதனை வேண்டும் என்று கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மருத்துவர் இரண்டு முறை அவரைப் பார்த்தார். நான் மொழிபெயர்ப்பாளனாகப் பக்கத்தில் இருந்தேன். அங்கே கேட்டதை எழுதப் போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி முடிவு வந்தது: 40 சதவீதம், மனுப் போட்ட தேதியிலிருந்து.

பணம் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் அவருடைய நோய்க்கு ஒரு பெயரும், அது போரால் வந்தது என்ற ஒரு வரியும் இருந்தன. அந்த வரியைத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு முறை கேட்டார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். ஐந்தாறு வருஷத்தில் இறந்துபோனார்.

இது பிரெஞ்சுச் சேவைக்காரர்கள் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் இந்திய ராணுவத்திலும் இதே கேள்விதான். 1982-ஆம் ஆண்டு இந்திய ராணுவ ஊன பென்ஷன் விதிகளில் ஒரு நல்ல வரி இருந்தது: உரிமை கோருபவரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. சேரும்போது நல்ல ஆரோக்கியம் என்று எழுதிச் சேர்த்துக்கொண்டால், பிறகு வந்த நோயை முன்பே இருந்தது என்று சும்மா சொல்லக் கூடாது. 2013-ல் உச்ச நீதிமன்றம், வலிப்பு நோயால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில் இந்த வரிகளை எடுத்துக்காட்டி அவருக்குப் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. மருத்துவக் குழு காரணம் எழுதாமல் "சேவையால் அல்ல" என்று முத்திரை குத்தினால் செல்லாது என்றது. அதே வருஷம், மனச்சிதைவு என்று 1977-ல் வெளியே அனுப்பப்பட்ட இன்னொரு சிப்பாயின் வழக்கில், மறுபடியும் மருத்துவக் குழு கூடி அவரைப் பார்க்கட்டும் என்று உத்தரவிட்டது. முப்பத்தாறு வருஷம் கழித்து!

எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை. 2019-ல் அதே உச்ச நீதிமன்றம், மனநோயை ஆள் எடுக்கும்போது கண்டுபிடிக்க முடியாது, ஆகவே சேரும்போது குறிப்பு இல்லை என்பதால் மட்டும் அது சேவையால் வந்ததாகிவிடாது என்று இன்னொரு சிப்பாய்க்கு மறுத்தது. விதிகளையும் இடையில் மாற்றியிருக்கிறார்கள். சுமை யார் தோளில் என்ற தராசு மேலும் கீழும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பிரான்சிலும் 1919-ன் அந்தத் தனி பென்ஷன் நீதிமன்றங்கள் 2019 நவம்பர் 1 முதல் இல்லை. இப்போது முதலில் ஒரு மேல்முறையீட்டு ஆணையத்திடம் போக வேண்டும், பிறகு பொதுவான நிர்வாக நீதிமன்றம். முன்னாள் சிப்பாய் உட்கார்ந்த அந்த நாற்காலி நீதிமன்றத்தில் இப்போது கிடையாது.

பட்டாளம் போகாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்திலேயே மனநோய் ஓர் ஊனமாகச் சேர்ந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகளில் அது ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். மனநோய்க்குச் சதவீதம் போட இந்திய மனநல மருத்துவர்கள் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 7-க்குக் கீழே போனால் 40 சதவீதம் கிடையாது.

இந்த நான்கு தலைப்பையும் பாருங்கள். அந்த அம்மாவிடம் நான் கேட்ட கேள்விகள்தானே! நோயின் பெயரை வைத்துச் சதவீதம் போடுவதில்லை. நோய் அன்றாட வாழ்க்கையில் எதை எதைப் பிடுங்கிக்கொண்டது என்பதை வைத்துத்தான் போடுகிறார்கள். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மருத்துவர் முன்னால் போகும் நாளன்று பிள்ளைக்குத் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, "ஒழுங்காப் பதில் சொல்லு" என்று அழைத்துப் போகிறோம். அவர் பத்து நிமிஷத்தில் பார்ப்பது அந்தச் சட்டையைத்தான். மானத்துக்காக மறைத்ததே மறுப்புக்குக் காரணமாகிவிடுகிறது.

அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். மனநல ஊனத்தால் சம்பாதிக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ, இருபத்தைந்து வயதைத் தாண்டினாலும், பெற்றோருக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப பென்ஷன் தர நம் விதிகளில் இடம் இருக்கிறது. அதற்குத் தனி மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். குழுவில் அந்தத் துறை நிபுணர் ஒருவராவது இருக்க வேண்டும். இதைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைப்பது நல்லது. தகப்பனார் போன பிறகு, பேசத் தெரியாத பிள்ளையை அழைத்துக்கொண்டு சித்தப்பாவும் மாமாவும் அலைவதை என் மேசைக்கு எதிரே நிறைய பார்த்திருக்கிறேன்.

மறுப்பு வந்தால் என்ன செய்வது? இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மறுப்பை வாய்ச் சொல்லாக ஏற்க வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு கேளுங்கள். அதில் மூன்று விதம் இருக்கும்: நோய் இல்லை, நோய் உண்டு ஆனால் அளவு போதாது, அளவு போதும் ஆனால் இன்ன காரணத்தால் வந்தது அல்ல. எது என்று தெரிந்தால்தான் பதில் எழுத முடியும். மூன்றுக்கும் ஒரே அழுகையை அனுப்பினால் கோப்பு நகராது.

சான்றிதழ் மறுக்கப்பட்டால் 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதை அந்தந்த மாநில அரசு வகுக்கும். அந்தக் கெடுவை முதலில் கேட்டு நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்கும் உரிமை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி சீட்டு, மாத்திரைச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். தேதி போட்ட பழைய சீட்டு ஒன்று புதுச் சான்றிதழ் பத்துக்குச் சமம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கும்.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அன்றன்று நடந்ததை இரண்டு வரி எழுதுங்கள். இன்று குளிக்கவில்லை. இன்று தானாகச் சாப்பிட்டான். இன்று ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நின்றான். நல்ல நாளையும் எழுதுங்கள். அப்போதுதான் மற்ற நாளை நம்புவார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.

நூறு வருஷமாக ஒவ்வொரு நாட்டிலும் இந்தச் சட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன என்றால், அதற்கு மேலே இருந்தவர்களின் இரக்கம் மட்டும் காரணம் இல்லை. "இல்லை" என்று வந்த காகிதத்தைக் கிழித்துப் போடாமல் மடித்து வைத்து, மறுபடி எழுதிக் கேட்டவர்கள்தான் காரணம். தேதி, கையெழுத்து, ஒப்புகைச் சீட்டு மூன்றும் பத்திரம்.